ஓநாய் நடமாடும் முகட்டில் தானியங்கி கேமரா: நரி வருகிறது, ஓநாய் ஏன் படத்தில் விழுவதில்லை?

1. பனித்தடம்

அனைவருக்கும் வணக்கம். விலங்கு முன்னால் கடந்தால் தானாகவே படமெடுக்கும் கேமராவை நான் கட்டியிருக்கும் இடம் ஒரு மலைமுகட்டை ஒட்டிய ஊசியிலைக் காடு. நில உரிமையாளரிடமும் வனத்துறையிடமும் எழுத்து மூலமாகவே அனுமதி வாங்கியிருக்கிறேன். அங்கே ஓநாய் இருக்கிறது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பனியில் நேர்கோடாகப் போகும் கால்தடங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு பாதைகள் கூடும் இடத்தில் ரோமமும் எலும்புத் துண்டும் கலந்த எச்சம் (மலம்) கிடக்கிறது. ஒரு மாலையில் ஊளையும் கேட்டேன்.

ஆனால் மெமரி கார்டைத் திறந்தால் செந்நரி, மான், காட்டுப்பன்றி, எப்போதாவது ஒரு மார்ட்டென் (மரமேறும் சிறு ஊனுண்ணி). மீதியெல்லாம் வெற்றுப் படங்கள். குளிர்காலம் முழுவதும் இதே கதைதான்.

கேமராவைப் பாதைக்கு நேர் குறுக்காகப் பார்க்கும்படி, மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தில், இடுப்பு உயரத்தில் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தூண்டலுக்கும் (உணரி விழிக்கும் ஒவ்வொரு முறையும்) ஒரு புகைப்படம், அடுத்த தூண்டலுக்கு ஒரு நிமிட இடைவெளி. இரவில் மங்கலான சிவப்பு ஒளி தெரியும் வகைக் கேமரா. ஓநாய் அந்த ஒளியைப் பார்த்து ஒதுங்குகிறதா? இடம் தவறா? வீடியோவுக்கு மாறிவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

2. முகட்டுவழி

தடம், எச்சம், ஊளை மூன்றையும் முதலில் தேடியிருக்கிறீர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பலர் கேமராவை முதலில் கட்டிவிட்டு, விலங்கை அதன் பிறகு எதிர்பார்க்கிறார்கள்.

ஓநாய் காட்டுக்குள் கண்டபடி அலைவதில்லை. ஓர் இரவில் பல கிலோமீட்டர் நடக்கும் விலங்கு அது. உடல் ஆற்றலை வீணாக்காது. முகட்டுப் பாதை, முகடு தாழ்ந்து இரண்டு பள்ளத்தாக்குகளை இணைக்கும் இடம், பழைய வண்டித்தடம், உறைந்த ஓடை என்று எளிதாக நடக்கக்கூடிய வழியையே தேர்ந்துகொள்ளும். ஆழமான பனியில் முன்னே போகும் ஓநாய் மிதித்த குழியிலேயே பின்னால் வருபவையும் கால் வைக்கும். ஒற்றைத் தடவரிசையைப் பார்த்து ஒரே ஓநாய் என்று எண்ணிவிடக் கூடாது. வளைவிலோ, விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டும் இடத்திலோ வரிசை பிரியும். அப்போதுதான் எத்தனை என்று தெரியும்.

நீங்கள் எச்சம் பார்த்த சந்திப்பு இருக்கிறதே, அதுதான் உங்கள் இடம். ஓநாய் தன் எல்லையை அறிவிக்கப் பாதைச் சந்திப்புகளிலும், தனித்துத் துருத்தி நிற்கும் கல், புதர், மரக்கட்டை ஆகியவற்றின் மேலும் சிறுநீரும் எச்சமும் இட்டுவைக்கும். நடுவழியில் அது உங்கள் கேமராவைக் கடந்து ஓடிவிடும். சந்திப்பிலோ நிற்கும், முகரும், காலால் மண்ணைப் பறிக்கும். உங்களுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடிக்குப் பதில் அரை நிமிடமாகிவிடும்.

அந்த எச்சத்தைக் கையால் தொடாதீர்கள். ஓநாய், நரி எச்சங்களில் மனிதருக்குத் தொற்றக்கூடிய நாடாப்புழு முட்டைகள் இருக்கலாம். அதை எடுத்து அப்புறப்படுத்தவும் வேண்டாம். அடுத்த ஓநாயை அங்கே நிறுத்தப்போவது அந்த எச்சம்தான்.

3. மின்கலம்

இடம் பற்றி முகட்டுவழி சொல்லிவிட்டார். நான் கணக்குக்கு வருகிறேன்; உங்கள் வெற்றுப் படங்களுக்குக் காரணம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நிதானமாக ஓடும் ஓநாயின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2.2 மீட்டர். லென்ஸின் பார்வைக் கோணம் 40 பாகை என்றால், மூன்று மீட்டர் தூரத்தில் கேமராவுக்குத் தெரியும் அகலமும் ஏறத்தாழ 2.2 மீட்டர்தான். சென்சார் விழித்து, படம் பதிவாக ஒரு நொடி ஆகும் கேமராவாக இருந்தால், ஓநாய் சட்டகத்தின் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேறிய பிறகுதான் படம் எடுக்கும். நரி மெதுவாக மோப்பம் பிடித்தபடி வரும், மான் நின்று நின்று மேயும், அவை சிக்குகின்றன. ஓநாய் போய்விடுகிறது.

இரண்டே மாற்றங்கள் போதும். தூரத்தை ஐந்து, ஆறு மீட்டராக்குங்கள். ஆறு மீட்டரில் அகலம் இரட்டிப்பாகி 4.4 மீட்டர் ஆகிவிடும். அடுத்து, கேமரா பாதையை நேர் குறுக்காகப் பார்க்க வேண்டாம். 45 பாகை சாய்வாகப் பார்க்கட்டும். விலங்கு சட்டகத்துக்குள் இருக்கும் நேரம் கூடும்.

பாதையை நேராகவே பார்க்கும்படி வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. இந்தக் கேமராக்களில் இருக்கும் வெப்ப உணரி அசைவைப் பார்ப்பதில்லை. அதன் முன்னால் இருக்கும் வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸ் பார்வைப் பரப்பைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. பின்னணியிலிருந்து வேறுபட்ட வெப்பம் கொண்ட ஒன்று ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போதுதான் உணரி விழிக்கும். நேர் எதிரே வரும் விலங்கு வெகுநேரம் ஒரே பட்டைக்குள்ளேயே இருக்கும். மிக அருகில் வந்த பிறகுதான் படம் விழும்.

இன்னொன்று. குளிர்கால ஓநாயின் ரோமம் அவ்வளவு அடர்த்தியானது. அதன் வெளிப்பரப்பின் வெப்பம் சுற்றியுள்ள காற்றை ஒட்டியே இருக்கும். உடல் சூட்டை அது வெளியே விடுவதில்லை. உணரிக்குக் கிடைக்கும் வலுவான அடையாளம் முகம், கண்களைச் சுற்றிய பகுதி, கால்கள் ஆகியவைதான். அதனால் இடுப்பு உயரம் அதிகம். தரையிலிருந்து 50, 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கால்களும் தாழ்ந்த முகமும் உணரியின் நடுப்பகுதியில் விழும்.

மழைக்கும் பனிக்கும் பாதுகாப்பு என்று சிலர் கேமராவின் முன்னால் கண்ணாடித் தகடு பொருத்துகிறார்கள். செய்யாதீர்கள். உணரி நம்பியிருக்கும் வெப்பக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். மேலே ஒரு சிறு கூரை போதும்.

4. பனித்தடம்

மின்கலம் அவர்களுக்கு மிக்க நன்றி. உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெற்றுப் படங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் வலது ஓரத்தில் தொங்கும் வாலின் நுனி, கறுப்பாக. அதைவிட முக்கியமான ஒன்று: இரவு 2.14 மணிப் படத்தில் பாதையின் பனி வழுவழுப்பாக, எந்தக் குறியும் இல்லாமல் இருக்கிறது. 3.40 மணிப் படத்திலும் விலங்கு எதுவும் இல்லை. ஆனால் பாதை நடுவே, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, புதிய தடவரிசை! அகச்சிவப்பு ஒளியில் ஒவ்வொரு குழியின் விளிம்பும் நிழலோடு தெளிவாகத் தெரிகிறது. குழிகளுக்கிடையே இடைவெளி நரிக்கு உரியதைவிட மிக அதிகம்.

கேமராவின் முன்னாலேயே போயிருக்கிறது. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி.

5. கருமலை

வாழ்த்துகள். சிவப்பு ஒளி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சந்தையில் இருவகை அகச்சிவப்பு விளக்குகள் உண்டு. 850 நானோமீட்டர் வகை அதிக தூரம் எட்டும், படம் தெளிவாக இருக்கும். விளக்கு எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளிகள் நம் கண்ணுக்கே தெரியும். 940 நானோமீட்டர் வகை நமக்குத் தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு, படத்தில் துகள் அதிகம், ஓடும் விலங்கு கலங்கலாக விழும். ‘முற்றிலும் இருட்டு’ என்று விளம்பரம் செய்வதால் விலங்குக்கும் எதுவும் தெரியாது என்று நம்பிவிட வேண்டாம். 2014-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு பல மாதிரிக் கேமராக்களைச் சோதித்து, அவை எழுப்பும் ஒலி பாலூட்டிகளின் செவிக்கு எட்டக்கூடியது, வெளிச்சம் அவற்றின் கண்ணுக்குத் தெரியக்கூடியது என்று காட்டியது. ஒளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், இரவில் கேமராவின் உள்ளே அகச்சிவப்பு வடிகட்டி நகரும்போது எழும் ‘டிக்’ ஒலியை மறந்துவிடுகிறோம்.

ஓநாயின் உறவான கயோட்டியை வைத்து 2003-இல் வந்த ஓர் ஆய்வும் இங்கே பொருந்தும். எல்லையைக் காக்கும் தலைமை இணைகள் கேமராவில் மிகக் குறைவாகவே சிக்கின. கேமரா வைக்க வந்த மனிதர்களின் நடமாட்டத்தை அவை கவனித்து விலகின என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். தன் நிலத்தில் ஒவ்வொரு கல்லையும் அறிந்த விலங்குக்குப் புதிதாக முளைத்த பெட்டி ஒரு செய்தி. அதைச் சுற்றி மனித வாடை இருந்தால் இன்னும் பெரிய செய்தி.

ஆகவே என் பரிந்துரை: இருக்கும் கேமராவையே பயன்படுத்துங்கள், விளக்கை மாற்றுவதற்காகப் புதிது வாங்க வேண்டாம். அடிக்கடி போகாமல் இருங்கள். போகும்போது ஓநாய்ப் பாதையில் நடக்காமல் பக்கவாட்டிலிருந்து அணுகுங்கள். கையுறை அணியுங்கள். மெமரி கார்டை மாற்றியதும் கிளம்பிவிடுங்கள். அங்கேயே உட்கார்ந்து படம் பார்ப்பதும், உணவு உண்பதும் வேண்டாம். புதுப் பெட்டிக்கு அந்த இடத்தின் வாடை படிய வாரக்கணக்கில் ஆகும். அதை உங்கள் ஆவல் கெடுக்கக் கூடாது.

6. ஊளைக்குரல்

நல்ல விவாதம். நான் வேறு வழி சொல்கிறேன். பாதையில் காத்திருப்பதைவிட, வசந்தத்தில் குட்டி ஈனும் வளையைக் கண்டுபிடித்து அதன் எதிரே வீடியோ கேமரா வைத்துவிட்டால் என்ன? குட்டிகள் விளையாடுவது, தாய் ஊட்டுவது எல்லாம் கிடைக்கும். இணையத்தில் அப்படிப்பட்ட காட்சிகளைப் பார்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் இறைச்சித் துண்டு வைத்து வரவழைக்கலாம்.

7. மலைத்தேன்

ஊளைக்குரல் அவர்களே, இரண்டும் வேண்டாம். கடுமையாகச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்; இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

வட அரைக்கோளத்தில், ஆர்க்டிக் பகுதிக்குத் தெற்கே உள்ள குளிர்ந்த மலைகளில் ஓநாய்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் இணைசேரும். கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள். ஏப்ரல், மே மாதங்களில் குட்டி பிறக்கும். பிறக்கும்போது அவற்றுக்குக் கண் திறந்திருக்காது, காது கேட்காது, தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கவும் முடியாது. மூன்று வார அளவில்தான் வளையின் வாயிலுக்கே வரும். மனித வாடை பட்டால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். குளிர்ந்த இரவில், ஈரத்தில், அந்த இடமாற்றத்தில் ஒரு குட்டி இறந்தாலும் அதற்குக் காரணம் உங்கள் கேமரா. நீங்கள் பார்த்த காட்சிகள் முறையான ஆய்வுக்குழுக்கள், உரிய அனுமதியோடு, வளை காலியாக இருந்த காலத்திலேயே கருவியைப் பொருத்தி எடுத்தவையாக இருக்கலாம். நமக்கு அது தெரியாது. பார்த்துவிட்டு நாமும் செய்வது முறையல்ல.

இறைச்சி வைப்பது அதைவிடக் கேடு. மனித வாடையையும் உணவையும் ஓநாய் மனத்தில் முடிச்சுப் போட்டுவிட்டால், அடுத்து அது கிராமத்தின் ஓரத்துக்கு வரும். வந்த ஓநாயின் கதி என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே இடத்தில் பல விலங்குகள் வாய் வைக்கும்போது சொறி, வெறிநாய்க்கடி போன்ற நோய்கள் பரவவும் வழி உண்டு. அப்படி எடுத்த படத்தால் அவை இயல்பாக எங்கே, எப்போது நடமாடுகின்றன என்ற கேள்விக்கும் விடை கிடைக்காது.

குட்டிகளைப் பார்க்க ஆசையென்றால் கோடை முடியட்டும். குட்டிகள் வளர்ந்து, கூட்டத்தோடு நடக்கத் தொடங்கும் இலையுதிர் காலத்தில் அதே முகட்டுப் பாதையில் வரும். நீண்ட கால்கள், பெரிய காதுகள், இன்னும் பொருந்தாத தலை. படத்தில் எளிதாக அடையாளம் தெரியும். அந்தக் கூட்டத்தில் இந்த ஆண்டு குட்டி பிறந்து பிழைத்திருக்கிறது என்பதற்கு அந்த ஒரு வீடியோ போதும்.

8. ஊளைக்குரல்

ஏற்றுக்கொள்கிறேன். குட்டிகள் இடம் மாற்றப்படும் ஆபத்து பற்றி எனக்குத் தெரியாது. இலையுதிர் காலம் வரை காத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி: பனித்தடம் அவர்களுக்கு ஓநாய்ப் படங்கள் கிடைக்கத் தொடங்கினால், எத்தனை ஓநாய்கள் என்று எப்படிச் சொல்வது? ஒரே ஓநாய் பத்து முறை வந்திருக்கலாமே?

9. மலைத்தேன்

மிக நல்ல கேள்வி. ‘இந்த மாதம் முப்பது ஓநாய்ப் படங்கள், சென்ற மாதம் பத்து, ஆகவே ஓநாய் பெருகிவிட்டது’ என்று எழுதுபவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். படங்களின் எண்ணிக்கை கூடுவதற்கு ஓநாய் கூடியிருக்க வேண்டிய தேவையில்லை. கேமராவை நல்ல இடத்துக்கு மாற்றியிருந்தாலே கூடும். பனி விழுந்து எல்லா விலங்குகளும் ஒரே பாதைக்கு ஒடுங்கினாலும் கூடும்.

வரியோ புள்ளியோ உள்ள விலங்குகளுக்கு வழி உண்டு. வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளைக் காட்டில் புலிகளின் வரிகளைக் கேமராவில் பிடித்து, பிடித்ததை மறுபடி பிடிக்கும் விகிதத்திலிருந்து எண்ணிக்கையை மதிப்பிடும் முறையைக் கையாண்டு 1995-இல் வெளியிட்டார். மலைகளில் அதே முறை பனிச்சிறுத்தைக்குப் போனது. 2024 ஜனவரியில் வெளியான இந்தியப் பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பில் 1,971 இடங்களில் கேமரா வைத்தார்கள். தனித்தனியாக அடையாளம் காணப்பட்டவை 241. அதிலிருந்து மதிப்பிடப்பட்ட மொத்தம் 718. படத்தில் விழுந்த எண்ணுக்கும் மதிப்பீட்டு எண்ணுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். விழாதவற்றையும் கணக்கில் கொண்டுவருவதுதான் அந்த முறையின் வேலையே.

லின்க்ஸ் என்ற புள்ளியுள்ள காட்டுப்பூனைக்கும் இது பொருந்தும். ஆனால் இடப்புறப் புள்ளிகளும் வலப்புறப் புள்ளிகளும் வேறுவேறாக இருக்கும் என்பதால் பாதையின் இரு புறமும் கேமரா வேண்டும். ஒன்றன் ஒளி மற்றொன்றின் கண்ணில் விழாதபடி சற்று விலக்கி வைக்க வேண்டும். மார்ட்டெனுக்குத் தொண்டையில் உள்ள வெளிர்நிறத் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு வடிவில் இருக்கும். மார்ட்டெனின் பெரிய உறவான வால்வரினுக்கும் மார்பிலும் தொண்டையிலும் அப்படித்தான். அதை எழுந்து நிற்க வைத்துப் படமெடுக்கவே ஆய்வாளர்கள் தனி அமைப்பு ஒன்றைக் கட்டுகிறார்கள்.

ஓநாய்க்கு இந்த வசதி இல்லை. நொண்டும் கால், கிழிந்த காது, சொறியால் ரோமம் உதிர்ந்த வால் என்று ஏதாவது இருந்தால்தான் ஒன்றைத் தனியாக அறியலாம். மற்றபடி வீடியோவில் ஒரே நேரத்தில் வரிசையாக வந்தவை எத்தனையோ அதைக் குறைந்தபட்ச எண்ணிக்கையாகக் கொள்ளலாம். ‘குறைந்தது ஐந்து’ என்று எழுதுங்கள். ‘ஐந்து’ என்று எழுதாதீர்கள். நாடு அளவிலான கணக்குக்கு எச்சத்திலிருந்து எடுக்கும் மரபணுவும் சேர்ந்தால்தான் முடியும். இத்தாலி 2020–21 குளிர்காலத்தில் நாடு முழுவதும் அப்படிச் செய்து ஏறத்தாழ 3,300 ஓநாய்கள் என்று மதிப்பிட்டது.

பனித்தடம் அவர்களின் வீடியோக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. புகைப்படமும் ஒரு நிமிட இடைவெளியும் என்றால், முன்னே வரும் ஓநாய் கேமராவை எழுப்பிவிட்டுப் போகும், பின்னால் வரும் நான்கும் கேமரா உறங்கும்போது கடந்துவிடும். கூட்டமாக நடக்கும் விலங்குக்கு முப்பது நொடி வீடியோ, இடைவெளி மிகக் குறைவு. ஒலிப்பதிவும் இருக்கட்டும்.

10. பனிப்பாறை

வீடியோ என்றால் பேட்டரி. மலைக் குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரியை நம்ப முடியாது. குளிர் கூடக் கூட மின்னழுத்தம் சரியும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும்போதுதான் தேவை உச்சத்தில் இருக்கும். பகல் படங்கள் சரியாக வந்து இரவுப் படங்கள் மட்டும் கறுப்பாக இருந்தால் பேட்டரியைத்தான் முதலில் ஐயுற வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி உறைகுளிரிலும் தாங்கும். விலை அதிகம்தான். ஆனால் மலையேறும் எண்ணிக்கை குறைகிறது, கருமலை சொன்ன மனித வாடையும் குறைகிறது.

பனி ஆழமாக விழும் இடத்தில் மின்கலம் சொன்ன 50 சென்டிமீட்டர் எடுபடாது. ஒரே இரவில் கேமரா புதைந்துபோகும். குளிர்காலத்துக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் கட்டிக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். பனி ஏறினாலும் படம் வரும். முகத்தின் கோணம் கெடும், வேறு வழியில்லை.

மலைச்சரிவில் ஒன்றைக் கவனியுங்கள். பாதைக்கு மேற்புறம் கட்டினால் முதுகுதான் தெரியும். கீழ்ப்புறம் கட்டினால் வானம் பின்னணியாகி விலங்கு வெறும் நிழலாகும். பாதையின் மட்டத்திலேயே, வளைவில் நிற்கும் மரமாகத் தேடுங்கள். நம் வட அரைக்கோளத்தில் கேமரா வடக்கு பார்த்திருப்பது நல்லது. கிழக்கோ மேற்கோ பார்த்தால் விடியலிலும் அந்தியிலும் சூரியன் நேரே அடிக்கும். ஓநாய் அதிகம் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். சட்டகத்துக்குள் வரும் புல்லையும் கிளையையும் அகற்றுங்கள். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினால் உணரி அதை விலங்கு என்றே எடுத்துக்கொள்ளும்.

கரடி இருக்கும் காடென்றால் எஃகுப் பெட்டி அவசியம். கரடிக்குப் புதுப் பொருளைக் கடித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. அதற்குப் பிடித்த உரசு மரங்கள் உண்டு. பின்னங்கால்களில் நின்று முதுகைத் தேய்க்கும், பட்டையில் ரோமம் ஒட்டியிருக்கும். அந்த மரத்தில் கட்டாதீர்கள். எதிர் மரத்தில் கட்டி அதைப் பார்க்க வையுங்கள். கரடி மட்டுமல்ல, அந்த மரத்தை முகர்ந்துபோக மற்ற விலங்குகளும் வரும். ஒருமுறை அப்படிப்பட்ட மரத்தடியில் கரடி தேய்த்துவிட்டுப் போன சற்று நேரத்தில் ஒரு லின்க்ஸ் வந்து அதே பட்டையில் கன்னத்தை உரசியதைப் பதிவில் பார்த்தேன். மலைவிலங்குகள் ஒன்றை ஒன்று படித்துக்கொண்டே வாழ்கின்றன.

11. அடிவாரம்

நான் ஆடு வளர்க்கிறேன். எங்கள் மேய்ச்சல் நிலத்தின் மேலேயும் யாரோ கேமரா கட்டியிருக்கிறார்கள். யார் கட்டியது, எதற்கு, எங்கள் படம் எங்கே போகிறது என்று ஒரு தாள்கூட ஒட்டவில்லை. இங்கே ஓநாயைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். அந்தப் பாதையில் நாங்களும் நடக்கிறோம். விறகு எடுக்கப் போகும் பெண்கள் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. ஆடு இறந்தால் ஓநாயா, ஊர் நாயா என்று நிரூபிக்க இந்தக் கேமரா உதவுமா? இழப்பீடு கேட்டால் சான்று கேட்கிறார்கள்.

12. முகட்டுவழி

ஐயா, நீங்கள் எழுதியது இந்த விவாதத்தில் முன்பே வந்திருக்க வேண்டியது. கார்பெட் புலிகள் காப்பகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. காட்டைச் சார்ந்து வாழும் பெண்களைத் தானியங்கி கேமராக்கள் எவ்வளவு அச்சுறுத்துகின்றன என்பதை அது விரிவாகக் காட்டியது. கண்காணிக்கப்படுகிறோம் என்ற உணர்வில் காட்டில் பாடுவதையும் உரக்கப் பேசுவதையும் அவர்கள் குறைத்துக்கொண்டார்கள். குழுவாக உரக்கப் பேசி நடப்பது யானை, புலியிடமிருந்து அவர்களுக்கு இருந்த பாதுகாப்பும்கூட. விலங்குக்காக வைத்த கருவி மனிதரை ஆபத்தில் தள்ளியது.

ஆகவே மக்கள் நடக்கும் பாதையானால் ஊரில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேமராவின் அருகே யார் வைத்தது, நோக்கம் என்ன, தொடர்புகொள்வது எப்படி என்று ஊர் மொழியில் எழுதி வைக்க வேண்டும். மனிதர் விழுந்த படத்தை யாருக்கும் காட்டாமல் அழித்துவிட வேண்டும். ஊரார் வேண்டாம் என்றால் கழற்றிவிட வேண்டும்.

ஆடு பற்றி: சடலத்தின் எதிரே கேமரா வைத்தால் யார் தின்றது என்பது தெரியும், யார் கொன்றது என்பது தெரியாது. இறந்த ஆட்டுக்கு நரி, நாய், கழுகு, ஓநாய் எல்லாமே வரும். கொன்றதை அறிய சடலத்தைத்தான் பார்க்க வேண்டும். தோலை உரித்துப் பார்த்தால், உயிரோடு இருந்தபோது கடித்த இடத்தில் தோலுக்கு அடியில் இரத்தம் உறைந்து கன்றியிருக்கும். இறந்தபின் கடித்த இடத்தில் அது இருக்காது. சடலத்தை நகர்த்தாமல், உடனே படமெடுத்து, கால்நடை மருத்துவரையும் வனத்துறையையும் அழையுங்கள். பட்டிக்கு வரும் வழியில் கேமரா இருந்தால் அது வேறு வகையில் உதவும்: எந்த விலங்கு, எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் காவல் நாயையும் வேலியையும் அதற்கேற்ப வைக்கலாம்.

13. அடிவாரம்

நன்றி. கன்றிய இரத்தத்தைப் பார்க்கலாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கேமரா வைத்தவர்களிடம் பலகை வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

14. படக்குவியல்

படங்களைப் பிரிப்பது பற்றிக் கொஞ்சம். இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து ஏறத்தாழ 3.49 கோடி படங்கள் எடுத்தார்கள். அவற்றில் புலி 76,651, சிறுத்தை 51,777. தேடும் விலங்கு எப்போதுமே குவியலின் ஓரத்தில்தான் இருக்கும்.

இப்போது மெகாடிடெக்டர் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. என்ன விலங்கு என்று மெகாடிடெக்டர் சொல்லாது. விலங்கு, மனிதர், வாகனம், வெற்று என்று பிரித்துக் கொடுக்கும். பெரிய உதவி. ஆனால் பனித்தடம் கண்டுபிடித்த அந்தப் பனித் தடவரிசைப் படத்தை அது ‘வெற்று’ என்றுதான் ஒதுக்கியிருக்கும். ஓரத்தில் தெரிந்த வால் நுனியையும் தவறவிட வாய்ப்பு உண்டு. ஆகவே வெற்று என்று ஒதுக்கியவற்றை உடனே அழிக்காதீர்கள். குறிப்பாகப் பனிக்காலப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.

நேரம் மிக முக்கியம். கேமராவின் கடிகாரம் மெல்ல மெல்லப் பிசகும், பேட்டரி இறங்கினால் பழைய தேதிக்கே போய்விடும். ஒவ்வொரு முறை போகும்போதும் உங்கள் கைபேசியின் கடிகாரத்தைக் கேமராவுக்குக் காட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். பின்னர் எவ்வளவு பிசகியது என்று திருத்திக்கொள்ளலாம்.

ஓநாய்ப் படத்தை வெளியிடும்போது இடத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. கோப்புக்குள் புவியிடக் குறிப்பு ஒளிந்திருக்கலாம். பின்னணியில் தெரியும் சிகரத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள். பின்னணியை வெட்டி, அந்தப் பருவம் முடிந்த பிறகு வெளியிடுங்கள். படத்தை ரசிப்பவர்கள் பார்க்கும் அதே பக்கத்தைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் பார்க்கிறார்கள்.

15. பனித்தடம்

அனைவருக்கும் நன்றி. என் திட்டம் இது. ஒரு கேமராவை எச்சம் கிடந்த சந்திப்பில், ஆறு மீட்டர் தள்ளி, 45 பாகை சாய்வில், வடக்கு பார்த்து, முப்பது நொடி வீடியோவில் வைக்கிறேன். இன்னொன்றை முகடு தாழும் இடத்தில், பனிக்காக உயரத்தில். அந்தப் பாதையில் மரம் வெட்டுபவர்கள் சிலர் நடப்பதுண்டு. அவர்களிடம் பேசிவிட்டு, அறிவிப்புத் தாளும் ஒட்டுகிறேன். லித்தியம் பேட்டரி போட்டு, இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

ஓநாயையும் ஊர் நாயையும் படத்தில் எப்படிப் பிரிப்பது? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

16. மலைத்தேன்

ஒற்றை அடையாளத்தை நம்பாதீர்கள், பலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஓநாயின் கால்கள் உடலுக்கு நீளமாக, மார்பு குறுகலாக இருக்கும். முன்னங்கால்கள் நெருங்கி நிற்கும். நடக்கும்போது முதுகு கிடைமட்டமாக, தலை முதுகின் மட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்கும். வால் நேராகத் தொங்கும், சுருளாது. கன்னம் வெளிறியிருக்கும். ஆனால் இரவுப் படத்தில் நிறம் கிடையாது. ஓநாயைப் போன்றே தோன்றும் நாய் இனங்களும், இரண்டும் கலந்த வாரிசுகளும் உண்டு. நடை உதவும்: ஓநாய் ஒரு வேலையாகப் போகிறது போல் ஒரே சீராக ஓடும், நாய் அங்குமிங்கும் அலையும். குள்ளநரியோடு குழப்பம் வந்தால் உயரம் தீர்த்துவைக்கும். அதற்காகக் கேமராவைக் கட்டிய அன்றே, பாதையின் நடுவில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட குச்சியை நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட்டுக் குச்சியைக் கொண்டுவந்துவிடுங்கள். பின்னர் அதே இடத்தில் வரும் எந்த விலங்கின் தோள் உயரத்தையும் அந்தப் படத்தின் மேல் வைத்து அளக்கலாம். வளர்ந்த ஓநாய் பெரும்பாலும் 70, 80 சென்டிமீட்டர் இருக்கும். குள்ளநரி அதில் பாதியைச் சற்றே தாண்டும்.

17. மின்கலம்

கிளம்பும் முன் சோதனை நிலையில் வைத்து அதன் முன்னால் நீங்களே கடந்து பாருங்கள். நிமிர்ந்து நடந்தால் பயனில்லை. ஓநாயின் உயரத்துக்குக் குனிந்து, பாதையின் இரு திசையிலிருந்தும், ஓட்ட வேகத்தில். எந்தப் புள்ளியில் விளக்கு எரிகிறது என்று ஒருவர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். பாதையின் நடுவுக்கு வருமுன் எரியவில்லையென்றால் கோணத்தை இன்னும் சாய்த்துவிட்டு மறுபடி ஓடுங்கள்.